ஒறம்பரைக்குத் தனி வாசல்

மாமனாரின் வெள்ளைச் சட்டைகளுக்குக் கஞ்சி போடுவது பிரவீனாவின் வேலை. வீட்டில் வேலைக்கு ஆள் இல்லாமல் இல்லை. பாத்திரம் தேய்க்க ஒருத்தி, வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியைக் கூட்ட ஒருத்தி, காரைத் துடைக்க ஒருவர் என்று வந்து போய்க்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் சட்டைக்குக் கஞ்சி மட்டும் மருமகள் கையால்தான் என்று மாமியார் சென்னியம்மாள் கல்யாணமான மறுவாரமே சொல்லிவிட்டாள். வடித்த கஞ்சியை ஆறவைத்துப் பழைய மல் வேட்டியில் ஊற்றிப் பிழிய வேண்டும். ஒரு பருக்கை தப்பி வந்தாலும் இஸ்திரிப் பெட்டி பட்டதும் மஞ்சளாகக் கருகிச் சட்டையோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் சென்னியம்மாள் திட்ட மாட்டாள். அந்தச் சட்டையைக் கூடத்து நாற்காலியில் விரித்துப் போட்டு, வருகிறவர்களிடமெல்லாம், “பாருங்க, இன்ஜினியரு போட்ட கஞ்சிங்க” என்று சிரித்துக்கொண்டே காட்டுவாள்.

பிரவீனா நிஜமாகவே இன்ஜினியர்தான். அன்னூர்ப் பக்கம் நூல் மில் வைத்திருந்த நஞ்சுண்டனின் மகள். கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, பெங்களூரில் ஒரு கம்பெனியில் கொஞ்ச காலம் வேலை பார்த்தாள். ஜாதகம் பொருந்தியதும் அப்பா போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பெண் பார்க்க வந்த அன்று தம்பிதுரை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “கம்ப்யூட்டரெல்லாம் தெரியுங்களா கண்ணு?” அதைத் தன் படிப்புக்குக் கிடைத்த மரியாதை என்று அவள் எடுத்துக்கொண்டாள். கல்யாணத்துக்கு அப்புறம் அந்த வீட்டில் அவள் தட்டிய பொத்தான் மிக்ஸியுடையது மட்டும்தான்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷத் தொடக்கத்தில் தம்பிதுரை மெயில் கம்பெனி ஆரம்பித்தார். பம்ப் செட் பவுண்டரியில் சம்பாதித்தவர். இன்டர்நெட்டைத் தனியாரும் நடத்தலாம் என்று அரசாங்கம் திறந்துவிட்டதும், அவினாசி ரோட்டில் தம் ஷோரூமின் மாடியில் மெஷின்களை இறக்கி, மகன் சபரீஷை உட்காரவைத்துவிட்டார். கோயமுத்தூர் மில்காரர்கள், திருப்பூர் பனியன் ஏற்றுமதிக்காரர்கள், ஈரோட்டு மஞ்சள் மண்டிக்காரர்கள் என்று பாதிப் பேர் சொந்தம், மீதிப் பேர் சொந்தத்துக்குச் சொந்தம். ஆயிரக்கணக்கில் மெயில் பெட்டிகள் சேர்ந்துவிட்டன.

பெட்டிகள் சேர்ந்ததும் குப்பையும் வந்தது. ஸ்பாம் என்ற பெயர் அப்போது ஊருக்குள் அவ்வளவாகப் புழங்கவில்லை. ஆபீசில் எல்லோரும் குப்பை என்றே சொன்னார்கள். வீட்டிலிருந்தே டாலர் சம்பாதிக்கலாம், பத்து நாளில் முடி வளரும், இன்னும் வாய்விட்டுச் சொல்ல முடியாத படங்கள். அதைப் பிரித்தெடுக்க ஒரு புரோகிராம் வாங்கிப் போட்டார்கள். அது பிரித்தது, ஆனால் ஆமையாக நகர்ந்தது. காலையில் அனுப்பிய மெயில் மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல்தான் போய்ச் சேர்ந்தது. திருப்பூரிலிருந்து ஒருவர் போனில் கேட்டார்: “ஏனுங்க, நம்மூர் போஸ்ட்மேன் சைக்கிள்ல வந்தாலே இதுக்கு முன்னால வந்து சேர்ந்திருவாருங்களே?”

ஒருநாள் இலையில் உட்கார்ந்து சபரீஷ் இதைச் சொல்லி அலுத்துக்கொண்டபோது, ரசம் ஊற்றிக்கொண்டிருந்த பிரவீனா, “நான் வேணாப் பாக்கட்டுங்களா மாமா?” என்றாள். கணவனிடம் கேட்கவில்லை, மாமனாரிடம் கேட்டாள். அந்த வீட்டில் அதுதான் வழி.

தம்பிதுரை சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார். “தீவாளிக்குள்ள வேகம் பண்ணிப்போடு அம்மணி. பண்ணீட்டா உனக்கு அங்கயே ஒரு சீட்டு. தெனமும் சபரீஷோட கார்ல போயிட்டு வா. பண்ணலீன்னா அந்தப் பேச்சே எடுக்கப்படாது. சேரியா?”

“சட்டைக்குக் கஞ்சி?” என்றாள் சென்னியம்மாள்.

“விடியால நேரமே எந்திரிச்சுப் போட்டுருவா. இல்லீங்களா கண்ணு?”

“போட்டர்றனுங்க மாமா.”

அன்றைக்கு அவள் பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்துவிட்டாள். தனக்கென்று ஒரு நாற்காலி, அதில் உட்கார்ந்தால் யாரும் கூப்பிட்டு எழுப்ப மாட்டார்கள் என்ற நினைப்பே போதுமாக இருந்தது.

ஆபீசில் மெஷின்களைப் பார்த்துக்கொண்டவர் போத்தனூர் ஞானாபரணம். அதிகம் பேச மாட்டார். பேசினால் பாதி கேலியாக இருக்கும். “வாங்க மேடம். இந்தப் புரோகிராமுக்குத் தூக்கம் ஜாஸ்தி. நீங்களாச்சும் எழுப்புங்க” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

உள்ளே பார்த்ததும் பிரவீனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒவ்வொரு மெயிலுக்கும் அந்தப் புரோகிராம் புதிதாக எழுந்து, குப்பைச் சொற்கள் முழுவதையும் டிஸ்க்கிலிருந்து படித்து, அந்த ஒன்றை மட்டும் சோதித்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. ஒவ்வொரு தோசைக்கும் அடுப்பை அணைத்து அணைத்துப் பற்றவைக்கிற கதை. முதலில் அதைப் படுக்கவிடாமல் செய்தாள். ஒருமுறை எழுந்தால் எழுந்தபடியே நின்று, வருகிற மெயிலையெல்லாம் வாங்கிக்கொண்டது. அடுத்து, சோதிக்கிற விதம். பழைய புரோகிராம் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மெயிலைத் தலையிலிருந்து கால்வரை தேடும். அடுத்த சொல்லுக்கு மறுபடி தலையிலிருந்து. சொற்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. அவள் எல்லாச் சொற்களையும் எழுத்து எழுத்தாக ஒன்றோடொன்று பின்னி, மெயிலை ஒரே தடவை படித்தால் எது இருந்தாலும் அகப்பட்டுக்கொள்ளும்படி எழுதினாள். கல்லூரியில் பரீட்சைக்காகப் படித்தது. கையை விட்டுப் போயிருக்கும் என்று பயந்திருந்தாள். போகவில்லை.

வேகம் ஏறியது. முற்பகல் டீ வருவதற்குள் காலை மெயில் தீர்ந்துவிடும் நிலைமை. தான் எழுதியது முழுமையாக ஓடினால் எவ்வளவு வேகம் போகும் என்று பார்க்க இன்னும் சில நாள் வேண்டியிருந்தது அவளுக்கு. அதற்குள் தம்பிதுரைக்கு வேறொரு கோபம் வந்துவிட்டது.

காரமடையில் மோட்டார் கம்பெனி வைத்திருந்த அவருடைய பெரியப்பா மகன், தீபாவளித் தள்ளுபடி என்று அனுப்பிய மெயிலைக் குப்பை என்று புரோகிராம் நிறுத்திவிட்டது. ‘இலவசம்’ என்ற பொருள்படும் இங்கிலீஷ் சொல் அதில் நாலு இடத்தில் இருந்தது.

“என்ற பங்காளி மெயிலச் சோதிக்கறதாங்க?” என்று தம்பிதுரை சாப்பாட்டு மேஜையைத் தட்டினார். “சொந்தபந்தம், ஒறம்பரைன்னு ஊட்டுக்கு வந்தா வாசல்ல நிறுத்திச் சட்டப்பையத் தடவிப் பாப்பீங்களாடா? தண்ணி குடுத்து உள்ள கூட்டி உக்கார வெக்கோணும். நம்மவங்க மெயிலு சோதனையில்லாம உள்ள போகோணும். எழுதிக்க அம்மணி.”

அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். காரமடை, பல்லடம், காங்கயம், பெருந்துறை. பங்காளிகள், பெண் கொடுத்த இடம், பெண் எடுத்த இடம், அவர்களுடைய மில்கள், பவுண்டரிகள். எழுதும்போதே அவளுக்கு ஒன்று புலப்பட்டது. வருகிற மெயிலில் பெரும்பங்கு இவர்களுடையதுதான். இவர்களைத் திறந்துகூடப் பார்க்காமல் விட்டுவிட்டால், இனிச் செய்ய வேண்டிய வேலையே இல்லை. தீபாவளிவரைக்கும் காத்திருக்க வேண்டாம். நாற்காலி நாளைக்கே கிடைத்துவிடும்.

“வேற யாரு?” என்று தம்பிதுரை தமக்குத் தாமே கேட்டுக்கொண்டார். அன்னூர் அவர் வாயில் வரவேயில்லை. பிரவீனா எழுதியதை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தாள்.

“எங்கப்பா மில்லுங்க மாமா.”

தம்பிதுரை நிமிர்ந்து பார்த்தார். சென்னியம்மாள்தான் சொன்னாள்: “அட, எழுதிக்க சாமி. கேட்டு வாங்குனாலும் ஒறம்பரை ஒறம்பரைதானே?”

எழுதிக்கொண்டாள். அந்த ஒரு பெயரை மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் அழுத்தி எழுதினாள்.

ஆபீசில் அந்தப் பெயர்களைப் புரோகிராமில் ஏற்றும்போது ஞானாபரணம் பின்னால் நின்று பார்த்தார். “இவங்களையெல்லாம் பாக்காம உட்றமுங்களா?”

“ஆமாங்க. மாமா சொன்னாருங்க.”

“அவங்க நல்லவங்கதான் மேடம். அவங்க மெஷினு நல்லதான்னு யாருங்க போய்ப் பாத்தது?”

“எல்லாம் நம்மவங்கதானுங்களே” என்றாள் பிரவீனா. சொன்ன பிறகுதான், அது தன் குரல் இல்லை, மாமனாருடையது என்று உறைத்தது. ஆனால் மெயில் பறந்தது. சபரீஷ் அனுப்பு என்று தட்டி முடிப்பதற்குள் திருப்பூரிலிருந்து போனில் வந்துவிட்டது என்றார்கள். தம்பிதுரை மாடிக்கு வந்து, ஜன்னலோரமாக ஒரு மேஜையைக் காட்டி, “தீவாளி கழிச்சு இது உன்றது கண்ணு” என்றார். அன்று சாயங்காலம் வீடு திரும்பும்போது, டவுன்ஹால் பக்கம் காரை நிறுத்தச் சொல்லி அவள் தனக்கென்று ஒரு காட்டன் புடவை எடுத்தாள். ஆபீசுக்குக் கட்டிக்கொண்டு போக.

தீபாவளிக்கு முந்தைய வாரம், ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஆபீசில் எல்லாப் போன்களும் ஒன்றாக அடித்தன.

எல்லாப் பெட்டியிலும் அசிங்கம். படங்கள், அந்தப் படங்களுக்கு விலை, எந்த ஊர் என்றே தெரியாத பெண்களின் பெயர்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் கொத்துக் கொத்தாக. அவள் கொடுத்த வேகம் முழுவதும் அதற்குக் கிடைத்திருந்தது. யாரும் நிறுத்திக் கேட்கவில்லை. காரமடைப் பங்காளியின் ஆபீசில் மெயில் திறப்பது அவருடைய கல்யாணம் நிச்சயமான மகள். தம்பிதுரை போனை எடுத்தவர் எழுந்து நின்றே பேசினார். “தெரியாதுங்கண்ணா... இல்லீங்கண்ணா... புள்ளைய அழ வேண்டாம்னு சொல்லுங்கண்ணா.”

பிரவீனா ஒரு மெயிலைத் திறந்து, அது எங்கிருந்து எங்கே போய் எப்படி வந்தது என்ற வரிகளைக் கீழிருந்து மேலாகப் படித்தாள். எங்கோ கடல் கடந்த ஊரில் கிளம்பி, அன்னூருக்கு வந்து, அப்பாவின் மில்லில் இருந்த மெஷினுக்குள் புகுந்து, அங்கிருந்து அப்பா பெயரில் இங்கே வந்திருந்தது. அப்பா பெயரைப் பார்த்ததும் அவளுடைய புரோகிராம் ஒதுங்கி வழிவிட்டிருந்தது.

அந்த மெஷினை அவளுக்குத் தெரியும். ஆடி நோம்பிக்குப் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். நஞ்சுண்டன் பம்பாய் வியாபாரத்துக்காக மில்லுக்குத் தனி லைன் இழுத்துச் சொந்தமாக ஒரு மெயில் மெஷின் வைத்திருந்தார். அவருக்கு அந்த வருஷம் மறதி ஆரம்பித்திருந்தது. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடு முழுக்கத் தேடுவார். “பம்பாய்ல ஏஜென்ட் ஆபீசுல உக்காந்து நம்ம மில்லு பேர்ல அனுப்புனாப் போக மாட்டேங்குது கண்ணு. எனக்கு ஒண்ணும் புரியறதில்ல. நீ பாத்துப்போடு” என்றார். அவள் உட்கார்ந்து மாற்றினாள். யார், எங்கிருந்து, யாருக்கு அனுப்பச் சொன்னாலும் அந்த மெஷின் வாங்கி அனுப்பும்படி முழுசாகத் திறந்துவிட்டாள். பம்பாய் ஆபீசுக்கு மட்டும் என்று குறுக்க வேண்டும். அதற்குள் ஒப்பிட்டுப் போளி சூடாறுகிறது என்று அம்மா சமையல்கட்டிலிருந்து கத்தினாள். சாப்பிட்டுவிட்டுச் செய்யலாம் என்று எழுந்தவள் மறந்தே போனாள். “என்ற புள்ள செஞ்சு குடுத்ததுங்க” என்று அப்பா ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இப்போது ஆபீசிலிருந்தபடியே அன்னூர் மெஷினுக்குள் போய் அந்தக் கதவைச் சாத்தினாள். சாத்திய பிறகு, அது இதற்கு முன் திறந்திருந்ததா, திறந்தது யார் என்று சொல்ல அந்த மெஷினில் எந்தத் தடயமும் இல்லை. பிறகு தன் புரோகிராமில் சொந்தக்காரர் பெயர்கள் அத்தனையையும் அழித்தாள். இனி எல்லோருக்கும் சோதனைதான், வேகம் குறைந்தால் குறையட்டும் என்றுதான் செய்தாள். குறையவேயில்லை. அவள் பின்னிய பின்னல் தனியாகவே அத்தனையையும் தாங்கி ஓடியது. அந்தத் தனி வாசல் எதற்குமே தேவைப்பட்டிருக்கவில்லை.

பக்கத்து நாற்காலியில் ஞானாபரணம் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். “டீ சொல்லட்டுங்களா மேடம்?” என்று எழுந்து போய்விட்டார்.

வீட்டில் யாரும் சத்தம் போடவில்லை. சபரீஷ், “ரெண்டு நாளைக்கு ஆபீசுப் பக்கம் வர வேண்டாம்” என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். சென்னியம்மாள் பக்கத்து வீட்டு அம்மாவிடம் பேசியது சமையல்கட்டுவரை கேட்டது. “அன்னூர்லருந்து வந்த சீர்லயே இதொண்ணுதானுங்க எல்லா ஊட்டுக்கும் போய்ச் சேர்ந்துது.”

ஞாயிற்றுக்கிழமை நஞ்சுண்டனை வரச் சொன்னார்கள். தோளில் துண்டும் கையில் பழப் பையுமாக வந்தார். வந்தவருக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்து, ‘தண்ணி குடிங்க’ என்று சொல்வது அந்தப் பக்கத்து வழக்கம்; எதிரி வந்தாலும் சொல்வார்கள். சென்னியம்மாள் சொம்பைக் கொண்டுவந்து முக்காலியில் வைத்தாள். அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. நஞ்சுண்டன் சொம்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பையை மடியில் வைத்துக்கொண்டார். பிரவீனா காபித் தட்டோடு கதவோரம் நின்றாள்.

“உக்காருங்க சம்பந்தி, சேர்ல நல்லாச் சாஞ்சு உக்காருங்க” என்றார் தம்பிதுரை. குரலில் மரியாதை ஒரு துளி குறையவில்லை. “நம்ம பிரவீனா கெட்டிக்காரிங்க. மெயிலு பறக்குது. தீவாளி கழிச்சு அவளுக்குத் தனியா ரூமே தடுத்துக் குடுத்தரலாம்னு இருக்கறன். ஆனாப் பாருங்க, பங்காளிங்க கேக்கறாங்க. அத்தன அசிங்கமும் யாரு ஊட்டு வழியா வந்துதுன்னு. நான் என்னங்க சொல்லட்டும்? தப்பு மருமவ பேர்லன்னா அவ ஊட்டோட இருந்துக்கட்டும், கம்ப்யூட்டரு வேண்டாம். தப்பு உங்க பக்கமுன்னா, நீங்களே ஒரு வார்த்த அவுங்களுக்குச் சொல்லிப்போடுங்க. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா நல்லா இருக்காது.”

“எங்க மில்லுல அந்த மெஷினத் தொடறது...” என்று ஆரம்பித்தார் நஞ்சுண்டன். நிறுத்தினார். தலையைத் திருப்பி மகளைப் பார்த்தார்.

பிரவீனா காபித் தம்ளர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றில் ஆடை படிந்திருந்தது.

“சூடு ஆறுது, குடு அம்மணி” என்றாள் சென்னியம்மாள்.

கொடுத்தாள். அப்பா அவள் முகத்தையே பார்த்தபடி வாங்கியதில் தட்டில் கொஞ்சம் சிந்தியது. அவர் துண்டால் துடைத்தார்.

“எங்க பக்கந்தானுங்க” என்றார்.

“அப்படீங்களா? சேரி உடுங்க. மனுசனுக்கு வராததா? மொதல்ல காரமடைக்குப் போட்டுருங்க. சபரீஷ் நம்பரு போட்டுத் தருவான்.” தம்பிதுரை போனைத் தம் கையாலேயே நகர்த்தி வைத்தார். நஞ்சுண்டன் எழுந்து நின்று பேசினார். தம்மைவிட வயதில் சின்னவரிடம், “மன்னிச்சுப்போடுங்க. எங்காளுங்க தெரியாமச் செஞ்சுபோட்டாங்க” என்றார். மறுமுனையில் என்னவோ சொன்னார்கள். அவர் முகம் சுருங்கியது.

“அவுங்க புள்ளகிட்டயும் சொல்லோணுமாமுங்க” என்று தம்பிதுரையைப் பார்த்தார்.

“அவுங்க கேக்கறது ஞாயந்தானுங்களே?”

“சேரிங்க... கண்ணு, நான் அன்னூர் நஞ்சுண்டன் பேசறேன்...” என்றார். போனைப் பிடித்தபடி தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்றார், அந்தப் பெண் அதைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல. சபரீஷ் மெதுவாகப் போனை வாங்கி அடுத்த நம்பரைச் சுழற்றினான்.

எல்லாம் முடிந்ததும் தம்பிதுரை மருமகளைப் பார்த்து, “நாளைக்கு ரெடியா இரு கண்ணு, சபரீஷோட போயிட்டு வா” என்றார்.

பிரவீனா சமையல்கட்டுக்குப் போனாள். கஞ்சி ஆறியிருந்தது. மாமனார் சட்டைகள் முடிந்துவிட்டன. இன்னும் தன் காட்டன் புடவைதான் பாக்கி. மல் துணியைப் பாத்திரத்தின் வாயில் விரித்துக் கஞ்சியை ஊற்றினாள். பின்னால் காலடி கேட்டது. அந்த வீட்டில் நஞ்சுண்டன் சமையல்கட்டுவரை வந்தது அதுதான் முதல் தடவை.

கதவை மெல்லச் சாத்திவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். கஞ்சிப் பாத்திரத்தை எட்டிப் பார்த்தார்.

“ஏங் கண்ணு,” என்றார், குரலைத் தாழ்த்தி. “ஆடி நோம்பிக்கு வந்தப்ப, பம்பாய்லருந்து அனுப்பறதுக்குன்னு நீதானே அதத் தெறந்து உட்டே? ஒப்பிட்டு ஆறுதுன்னு உங்கம்மா சத்தம் போட்டாளே. இல்லே... எனக்குத்தான் ஞாபகம் கெட்டுப்போச்சா?”

அவர் யாரிடமும் சொல்லப் போவதில்லை. சொல்வதாக இருந்தால் கூடத்திலேயே சொல்லியிருப்பார். தன் தலை இன்னும் சரியாகத்தான் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தால் போதும். ஒரு தலையாட்டல் போதும். அது பிரவீனாவுக்குத் தெரிந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை என்பதும் தெரிந்தது.

துணியின் நான்கு முனைகளையும் சேர்த்துப் பிடித்து முறுக்கினாள். கஞ்சி சொட்டுச் சொட்டாக இறங்கியது. பருக்கை எதுவும் வந்துவிடக் கூடாது என்று குனிந்து பார்த்தாள்.

நஞ்சுண்டன் நெற்றியைத் தடவினார். கண்ணாடி அங்கே இல்லை; மூக்கின் மேல்தான் இருந்தது. “சேரி கண்ணு, உனக்குச் சோலி கெடக்குது” என்றார். பின்வாசல் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் செருப்பு முன்வாசலில் கிடந்தது, மறுபடி கூடத்தின் வழியாகத்தான் போயாக வேண்டும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்து போனார்.